நிழல்ல போட்ட வண்டி

இந்தாங்க தம்பி, இந்தச் சாவிய உங்க கைல வெச்சுக்கங்க. அட வாங்கிக்கங்க, கடிக்காது. வண்டி திருட்டுப் போயிடும்னு இல்ல. கதவு தொறந்துதான் கெடக்கு, தூக்கிட்டுப் போக உள்ள ஒரு தண்ணி பாட்டிலத் தவிர ஒண்ணும் கெடையாது. சாவி எங்கிட்ட இருக்கக் கூடாது, அவ்ளோதான் விஷயம். நான் கேட்டாலும் குடுக்காதீங்க, கெஞ்சினாலும் குடுக்காதீங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இல்ல இல்ல, வண்டிய முன்னாடி எடுக்க மாட்டேன். கேட்டுப் பக்கத்துல எடம் இருக்குன்னு எனக்கும் தெரியுது. அங்க போட்டா உள்ள நடக்குறது பளிச்சுன்னு தெரியும், அதுவும் தெரியுது. ஆனா எனக்கு வண்டிய நிழல்ல போடணும்னு உத்தரவு. உத்தரவுன்னா உத்தரவுதான். நீங்க வேணா அங்க போட்டுக்கங்க. வேணாமா? சரி, எனக்கும் துணைக்கு ஆளாச்சு. காலைலேருந்து இந்த மரத்துகிட்டயே பேசிட்டிருக்கேன், அதுவும் எத்தன நேரம்தான் கேக்கும், பாவம்.

நீங்களும் ஹைஜம்ப் செலக்‌ஷனுக்குத்தான் வந்தீங்களா? மொதலாளி பொண்ணா? நீல ட்ரெஸ்ஸு, கூட ஒரு கோச்சு, அம்மா, சித்தி, பை தூக்க ஒரு ஆளு... பாத்தேன் பாத்தேன், கல்யாண வீட்டுக்கு வந்து எறங்குற மாதிரி எறங்கினாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல உயரமான பொண்ணு, நல்லாத் தாண்டும். எங்க பொண்ணு பச்சை ட்ரெஸ்ஸு. ஒல்லியா, காது மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கும். பக்கத்துல ஒரு அம்மா கைப்பைய மடில வெச்சுக்கிட்டு தூங்கிட்டிருப்பாங்க, அது அத்தை. அப்பா கூடப் பொறந்தவங்க. அவங்களுக்கு இந்த வெளையாட்டப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. வண்டில வர்றப்போ கேக்குறாங்க, ஏன்டி, கம்பிக்கு அடில அவ்ளோ எடம் இருக்கே, குனிஞ்சு போனா ஆகாதா, எதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு மேல போய் விழணும்னு. சிரிச்ச சிரிப்புல எனக்கு வண்டி ஒரு பக்கமா போயிருச்சு.

எங்க பொண்ணுன்னா? நான் டிரைவர்தான் தம்பி. சட்டையப் பாத்தா தெரியல? கூட்டிட்டு வந்த பொண்ணு நம்ம பொண்ணுதானே, நீங்களும் இப்போ எங்க பாப்பான்னுதானே சொன்னீங்க.

இருங்க, இருங்க. பேசாதீங்க.

கேட்டுச்சா? தொம்முன்னு ஒரு சத்தம், அது மெத்தைல விழுந்தது. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல பாருங்க. அந்த ஒண்ணுமில்லாததுதான் நமக்கு வேணும். கம்பி தட்டி விட்டிருந்தா கணீர்னு ஒரு சத்தம் வரும். இப்போ தாண்டினது எங்க பொண்ணுதான். எப்படின்னா, ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டுவா கையில. டப் டப்புன்னு. வேற யாரும் தட்டல. சின்னதுல ஈ விரட்டுறதுக்காகத் தட்டினது, அப்படியே பழக்கமாயிருச்சு.

கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றவனுக்குத் தெரியாதா தம்பி. நல்லாத் தெரியும்.

இந்தக் காலேஜுல ஹைஜம்ப்புக்கு ஒரே ஒரு எடம். கெடச்சுட்டா படிப்பு, தங்குறது, சாப்பாடு, ஷூ வரைக்கும் எல்லாம் அவங்க பொறுப்பு. உங்க பாப்பாவுக்கு இது இல்லன்னா இன்னொண்ணு. எங்க பொண்ணுக்கு இது இல்லன்னா எங்க மொதலாளியோட சோபா, மெத்தைக் கடை. சொல்லி வெச்சிருக்காரு அவரு, ஸ்கூல் முடிச்சதும் அனுப்புப்பா, பில்லு போடுற எடத்துல உக்கார வெக்கிறேன்னு. நல்ல மனுஷன், நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு. ஆனா அந்தப் பொண்ணு உக்கார்ற பொண்ணு இல்லையே. வீட்டுல வாசப்படிய மிதிச்சு ஏறி நான் பாத்ததில்ல, ஒரே தாண்டு.

ஆமா, அவங்கப்பனும் எங்க கடைதான். சாமான் கொண்டு போய்ப் போடுற வண்டி ஓட்டுறவன். அம்மா அது சின்னதா இருக்கும்போதே போயிட்டாங்க. அப்பனும் பொண்ணும்தான் வீட்டுல. அந்தாளு ஒரு மாதிரி, தம்பி. அவன் கதைய நான் சொல்றேன், உங்களுக்குப் பொழுது போகும்.

புது மெத்தை வாங்குறவங்க என்ன செய்வாங்க? பழசத் தூக்கிட்டுப் போப்பான்னு வண்டிக்காரன்கிட்ட தள்ளி விட்டுருவாங்க. மத்தவங்க குப்பைல போட்டுட்டுப் போவாங்க. இவன் ஒண்ணு விடாம வீட்டுக்குக் கொண்டு வந்துட்டான். வீட்டுக்குப் பின்னாடி அடுக்கி, மேல தார்ப்பாய் போட்டு, ரெண்டு கட்டைக்கு நடுவுல ஜன்னல் திரை மாட்டுற கம்பிய வெச்சு, தாண்டும்மான்னுட்டான். ஊர்ல உள்ள மூட்டப்பூச்சி பூரா அந்த வீட்டுலதான். பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. பொண்ணு தாண்டி விழுந்துட்டு அதுலயே படுத்துக்கிட்டு சொல்லும், அப்பா, இது யாரோ ஒருக்களிச்சுத் தூங்குறவங்களோட மெத்தை, குழி ஓரமா இருக்குன்னு. அதக் கேட்டு அவன் சிரிக்கணுமே, தெருமுனை வரைக்கும் கேக்கும்.

அந்தாளா, வெளையாட்டு வீரனா? நீங்க வேற. சாக்கடையத் தாண்டணும்னா கூட ரெண்டு பேரு கையப் புடிக்கணும். செல்லுல பாத்துக் கத்துக்கிட்டதுதான். சிக்னல்ல நிக்கிறப்போ ஒண்ணு, சாமான் எறக்குறப்போ ஒண்ணுன்னு பாத்துப் பாத்து, பச்சை விழுந்தது கூடத் தெரியாம பின்னாடி இருக்குறவன்கிட்ட திட்டு வாங்கி, அப்படிக் கத்துக்கிட்டு வந்து பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தான். வளைஞ்சு ஓடணும், கடைசி அடி சின்னதா வெக்கணும், தோள முதல்ல அனுப்பணும், இடுப்பத் தூக்கணும், காலத் தட்டி விடணும். அவன் சொல்ல, அவ செய்ய, வருஷமா அதுதான் அந்த வீட்டுல பேச்சு. வேற என்ன பேசிக்கிறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது, அதான் நெசம்.

கணீர்னுச்சே... அது யாரு? கை தட்டல, அதனால எங்க பொண்ணு இல்ல. உங்களுதா? நீங்க வேணா கேட்டுகிட்ட போய் எட்டிப் பாத்துட்டு வாங்க தம்பி. நான் வரல. வர மாட்டேன்.

என்னாச்சு? மூணு தடவையும் போச்சா? அடடா. அழுவுதா? சேச்சே, மனசுக்குக் கஷ்டமா இருக்கு தம்பி, நெசமாத்தான் சொல்றேன். அது சாப்பிட்டுட்டு வந்திருக்காது. அவங்கம்மா கூட இருக்காங்கல்ல? பிடிச்சுக்கிட்டாங்களா? அது போதும். அழறப்போ பிடிச்சுக்க ஆளு இருந்தா போதும்.

இப்போ எத்தன பேரு மிச்சம்? ரெண்டே பேரா? பச்சை இருக்கா? சரி. சரி சரி. வாங்க, இப்படி உக்காருங்க.

ஏன் அப்பன்காரன் வரலைன்னு கேக்குறீங்கல்ல. போன தடவ வேற ஒரு காலேஜுக்குப் போனாங்க. நல்லாத்தான் தாண்டினா. ஆனா ஒவ்வொரு தாண்டுக்கும் அப்புறம் வேலியத் திரும்பிப் பாப்பா. அங்க அப்பன் நிப்பான், தலைல தொப்பியோட. தொப்பியப் பின்னாடி தள்ளினான்னா ஓட ஆரம்பிக்கிற எடத்தப் பின்னாடி தள்ளுன்னு அர்த்தம். காதத் தொட்டான்னா தோள் சரியில்லன்னு அர்த்தம். கண்ணுக்குக் கண்ணு, ஊமைப் பாஷை. தாண்டினாலும் பாப்பா, விழுந்தாலும் பாப்பா. மெத்தைலேருந்து எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பாப்பா. அங்க இருந்த பெரிய கோச்சு கடைசில அந்தாளக் கூப்பிட்டு, தோள் மேல கை போட்டு, மரியாதையாத்தான் சொன்னாரு. உங்க பொண்ணு அருமையா தாண்டுது சார், ஆனா எனக்குப் பொண்ணு மட்டும் போதும்னாரு. அவ்ளோதான். ஒரு உறைல ரெண்டு கத்தி எப்படி இருக்கும்? வீட்டுல ஒரு கோச் வெச்சுக்கிட்டு வர்ற புள்ளைங்க அங்க இருக்குற கோச் சொன்னா கேக்காதுங்களாம், எந்தக் காலேஜுலயும் பயப்படுவாங்களாம்.

அன்னைக்கு வீட்டுக்குப் போற வழில அப்பன்தான் பேசினான். அடுத்த எடத்துல நான் இருக்க மாட்டேன், அத்தை வருவா, யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டா நானாத்தான் கத்துக்கிட்டேன்னு சொல்லு, அப்பா எங்கன்னு கேட்டா கூட இல்லன்னு சொல்லுன்னான். அதுக்கு அவ, அப்பா செத்துட்டாருன்னு சொல்லச் சொல்றியாப்பான்னு கத்துனா. செத்துட்டாருன்னு ஏன்டி சொல்ற, கூட இல்லன்னு சொல்லு, அது பொய்யா? நான் மதிலுக்கு வெளியதானே நிக்கப் போறேன்னு இவன் நியாயம் பேசுறான். பல நாளு பேசலைங்க ரெண்டு பேரும். அப்புறம் ஒரு நாள் சாப்பிட உக்காந்தப்போ தட்டப் பாத்துக்கிட்டே சொன்னாளாம், சரிப்பா, சொல்றேன்னு.

அவன் எனக்குச் சொல்லுவான் தம்பி, எல்லாத்தையும் எனக்குச் சொல்லுவான். ஒரே கடை, ஒரே வண்டி.

உஷ். டப் டப். அவதான்.

...

கணீர்னுச்சு.

பதறாதீங்க, இன்னும் ரெண்டு இருக்கு. கம்பிய ஏத்திருப்பாங்க, இது அவ வீட்டுல என்னைக்காவது ஒரு நாள் தாண்டுற உயரமா இருக்கும். கடைசி அடி கேட்டீங்களா? தொப்புன்னு கனமா விழுந்துச்சு. ரொம்பக் கிட்ட போயிட்டா. கம்பிக்கு அடில போய் நின்னுக்கிட்டு எம்புறா, அப்புறம் தட்டாம என்ன செய்யும்? ஒரு பாதம், ஒரே ஒரு பாதம் பின்னாடி தள்ளி ஆரம்பிக்கணும். அவ்ளோதான். தெருவுல போற நாய்க்குக் கூடத் தெரியும் இது.

சாவி ஏன் குடுத்தேன்னு கேட்டீங்கல்ல, இதுக்குத்தான். சாவி போட்டாத்தான் ஹாரன் அடிக்கும். ஸ்கூல் போட்டிக்கெல்லாம் வேலிக்கிட்ட விடலைன்னா அவங்கப்பன் ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு ஹாரன் அடிப்பான். ஒரு சின்ன ஹாரன் அடிச்சா பின்னாடி போ. ரெண்டு அடிச்சா முன்னாடி வா. ரோட்டுல ஆயிரம் ஹாரன் கேக்கும், யாருக்கு என்ன தெரியப் போகுது? அவளுக்குத் தெரியும். இந்த வண்டி ஹாரன் அவளுக்குத் தூக்கத்துல கூடத் தெரியும்.

மறுபடி டப் டப்.

...

அய்யோ. மறுபடியும் கிட்ட. அதே தப்பு. அதே தப்பத் திரும்பச் செய்யுறாளே. குடுங்க தம்பி சாவிய. ஒரே ஒரு ஹாரன். ஒரே ஒண்ணு, சின்னதா, பிச்சைக்காரன் கூடத் திரும்பிப் பாக்க மாட்டான். இந்தக் காலேஜு கோச்சம்மா எங்க கண்டுபிடிக்கப் போறாங்க? குடுங்க. எத்தன வருஷம் தம்பி, ஒரு பாதத்துல போகணுமா? மூட்டப்பூச்சிக் கடி வாங்கி, வெயில்ல கருகி, ஒரே ஒரு பாதத்துல... குடுங்கன்னா!

இல்ல. குடுக்காதீங்க. நல்ல காரியம் பண்ணீங்க. மன்னிச்சுக்கங்க தம்பி, கையப் புடிச்சு இழுத்துட்டேன், வலிச்சிருச்சா? ஹாரன் அடிச்சா அவ திரும்பிப் பாத்துருவா. பாக்காம இருக்கத்தானே இவ்ளோவும்.

ஒரு உதவி பண்ணுங்க. நீங்க கேட்டுகிட்ட போங்க. போய் என்ன செய்யுறான்னு பாத்து இங்கேருந்தே கேக்குற மாதிரி சொல்லுங்க. நான் மரத்துக்குப் பின்னாடி நிக்கிறேன்.

எங்க பாக்குறா? தரையவா? வேலிப் பக்கம் பாக்கலையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒரு தடவ கூடப் பாக்கலையா? சரி. அப்புறம்? குனியுறாளா? குறி வெச்சு ஒட்டின டேப்பையா பிச்சு எடுக்குறா? எடுத்து எங்க ஒட்டுறா? முன்னாடியா பின்னாடியா? தம்பி, சொல்லுங்க, முன்னாடியா பின்னாடியா?

பின்னாடியா...

யாராவது சொன்னாங்களா அவளுக்கு? கோச்சம்மா? அத்தை? இல்லையா? அவளாவேவா?

டப் டப்.

...

தொம்முனுச்சு. தம்பி, தொம்முனுச்சு, வேற ஒண்ணும் கேக்கல. கம்பி? கம்பி இருக்கா? ஆடுதா? ஆடி... நின்னுருச்சா? நின்னுருச்சா தம்பி? கை தட்டுறது யாரு, அந்தம்மாவா? இன்னொரு பொண்ணுக்கு என்னாச்சு? ஓ, அது முன்னாடியே மூணும் போயிருச்சா. அப்போ இவதான். இவதானே? கோச்சம்மா கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்களா? எழுந்து வந்து பிடிச்சுக்கிட்டாங்களா? நல்லது. நல்லது. நல்லாருக்கட்டும்.

ஒரு நிமிஷம் தம்பி, உக்காந்துக்கிறேன். அந்தத் தண்ணி பாட்டில எடுங்க.

மெத்தைலேருந்து எழுந்ததும் எங்க பாத்தா? அந்தம்மாவத்தானா. வேலிப் பக்கம் இல்ல? சரி. ஒரு தடவ கூட இல்ல. சரியாத்தான் செஞ்சிருக்கா. அப்படித்தான் செய்யணும்.

அவங்கப்பனுக்குப் போனப் போட்டுச் சொல்லவா? வேணாம் தம்பி. அவனுக்குத் தெரிஞ்சிருச்சு. உங்க கையப் புடிச்சு இழுத்தான்ல, அவன்தான்.

ஏன் இப்படிப் பாக்குறீங்க? டிரைவர்தான் நான், அதுல ஒண்ணும் பொய் இல்ல. உங்ககிட்ட ஏன் மறைச்சேன்னா, காலைலேருந்து சொல்லிப் பழகிட்டேன், அப்படியே வந்துருச்சு. அடுத்தவன் கதையாச் சொல்றப்போ சொல்லவும் கொஞ்சம் லேசா இருந்துச்சு. எப்பவும் அவ முன்னாடி, எம் பக்கத்துல உக்காந்துதான் வருவா, கால டேஷ்போர்டு மேல போட்டுக்கிட்டு. இன்னைக்கு நாந்தான் சொன்னேன், பின்னாடி உக்காரு, சாமான் தூக்குற பசங்க உக்கார்ற சீட்டுல, யாராவது பாத்தா வண்டிக்காரன்னு நெனைக்கட்டும்னு. கேட்டுகிட்ட எறங்கினப்போ கோச்சம்மாவே வந்துட்டாங்க. நல்லா பேசினாங்க. யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. நானாத்தான் மேடம்னா. அம்மா அப்பான்னாங்க. அம்மா இல்ல மேடம், அப்பா கூட இல்ல மேடம், அத்தை வீடுதான்னா. ஒரு தெணறல் கெடையாது. நான் பக்கத்துல அவ பைய வெச்சுக்கிட்டு நிக்கிறேன். எல்லாம் நான் வண்டில வர்றப்போ திருப்பித் திருப்பிச் சொல்லிக் குடுத்ததுதான், அது வரைக்கும் ஒண்ணும் இல்ல, உள்ளுக்குள்ள சபாஷ்னு கூட நெனச்சேன்.

அப்புறம் பைய எங்கிட்டேருந்து வாங்கினா. வாங்கிட்டு, தேங்க்ஸ் அண்ணா, வண்டிய நிழல்ல போட்டுக்கங்கன்னா.

அத நான் சொல்லிக் குடுக்கல தம்பி. அது அவளாவே சொன்னது. டிரைவர நாம எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம், வேற எப்படிக் கூப்பிடுவா? கெட்டிக்காரி, அந்த நேரத்துல டக்குன்னு தோணியிருக்கு பாருங்க. நிழல்ல போடச் சொன்னாளே, அது போதாதா? அதான் அப்போலேருந்து இங்கயே போட்டிருக்கேன். நிழலு நகர நகர வண்டியையும் நகத்திக்கிட்டே இருந்தேன், உங்ககிட்ட சாவியக் குடுக்குற வரைக்கும்.

சேந்ததுக்கு அப்புறமா? அவ வெளையாடுறத எப்படிப் பாக்குறதா? வண்டி ஓட்டிட்டு வருவேன், வெளிய நிப்பேன். காதுலதான் கேக்குதே எல்லாம். லீவுக்கு வீட்டுக்கு வருவால்ல, வீட்டுல நான் அப்பாதானே. அந்த மெத்தையெல்லாம் எடுத்துப் போட்டுறணும். இல்ல, வேணாம், கெடக்கட்டும்.

கேட்டு தொறக்குது. வர்றாங்க. தம்பி, நீங்க ஒண்ணும் தெரியாத மாதிரி இருங்க, அவள வாழ்த்தாதீங்க, எம் முகத்தப் பாக்காதீங்க. கோச்சம்மாவும் கூட வர்றாங்க. பாருங்க, எவ்ளோ சாதாரணமா நடந்து வர்றா. இந்தப் பக்கம் ஒரு பார்வை, ம்ஹூம், அத்தையத்தான் பாக்குறா. ஒரு தடவ சொல்லிக் குடுத்தா அப்படியே புடிச்சுக்குவா தம்பி, சின்னதுலேருந்தே அப்படித்தான்.

சாவியக் குடுங்க. பின் கதவத் தொறந்து விடணும்.